கேண்டிடா கிளென்ஸ்: தலைவலியும் மயக்கமும் வந்தால் ‘கிருமி சாகிறது’ என்று பொருளா?

அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரை இல்லை, பழம் இல்லை, பால் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஆப்பிள் சிடர் வினிகர். பிறகு பூண்டு, தேங்காய் எண்ணெய், ஓரிகானோ எண்ணெய் கேப்சூல். இரவில் வயிறு சுத்தமாக ஒரு பொடி. இப்படி மூன்று வாரமோ ஆறு வாரமோ இருந்தால் குடலில் பெருகிக் கிடக்கும் ‘கேண்டிடா’ என்ற பூஞ்சை அழிந்துவிடும். உடல் அசதி, தோல் அரிப்பு, வெள்ளைப்படுதல், மறதி, உடல் பருமன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் தமிழிலும் வரத் தொடங்கிவிட்டன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். அதனால் கேப்சூல் டப்பாவுக்கும் பஞ்சமில்லை. விடுப்பில் வருபவரின் பெட்டியிலேயே வந்துவிடுகிறது.

இதைத் தொடங்கியவர்களில் பலருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கை கால் சோர்வு, வயிற்றுப்போக்கு வருகிறது. வீடியோவில் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: “பயப்படாதீர்கள், இது டை-ஆஃப். பூஞ்சை செத்து விஷத்தைக் கக்குகிறது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். நிறுத்திவிடாதீர்கள்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. அதை நம்பி, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் இருப்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. குறிப்பாக, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு.

கேண்டிடா என்பது என்ன?

கேண்டிடா ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை. நலமாக இருக்கும் மனிதர்களில் பெரும்பாலோரின் வாயிலும் குடலிலும் தோலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் இது சிறிதளவு இருக்கவே செய்கிறது. அங்கே வாழும் மற்ற நுண்ணுயிர்களும் நம் எதிர்ப்பு சக்தியும் இதை அளவோடு வைத்திருக்கின்றன. ஆகவே ‘உங்கள் உடலில் கேண்டிடா இருக்கிறது’ என்று ஒரு சோதனை சொன்னால், அது நோயைச் சொல்லவில்லை.

அளவு மீறும்போது வரும் நோய்கள் உண்மையானவை. கைக்குழந்தைகளின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல் வரும் அக்கரம். பெண்களுக்குக் கட்டித் தயிர் போன்ற வெள்ளைப்படுதலோடு கடும் அரிப்பு. ஆண்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு, உறுப்பின் முனையில் சிவந்து எரிச்சல். சித்திரை வெயிலில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்பின் கீழும் வேர்வை தங்கி வெந்து போவதிலும் கேண்டிடாவுக்குப் பங்கு உண்டு. மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் இரத்தத்தில் இது கலந்தால் உயிருக்கே ஆபத்து. அது தனிக்கதை, அதற்கும் வீட்டு கிளென்ஸுக்கும் சம்பந்தமில்லை.

இவை எல்லாம் மருத்துவர் கண்ணால் பார்த்தோ, சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோ உறுதி செய்யக்கூடியவை. ஆனால் கிளென்ஸ் சொல்லும் நோய் வேறு. அசதி, மறதி, மூட்டுவலி, மனச்சோர்வு, இனிப்பு ஆசை என எல்லாவற்றுக்கும் குடலில் ஒளிந்திருக்கும் கேண்டிடாவே காரணம் என்பது அதன் வாதம்.

இந்த வாதம் அமெரிக்காவில் பிறந்தது. அலபாமாவைச் சேர்ந்த ஓரியன் ட்ரஸ் என்ற மருத்துவர் 1970களின் இறுதியில் இதை எழுதத் தொடங்கினார். டென்னசியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லியம் குரூக் 1983இல் ஒரு புத்தகம் எழுதி ஊரெங்கும் பரப்பினார். 1986இல் அமெரிக்க அலர்ஜி மருத்துவர்களின் சங்கம், இது நிரூபிக்கப்படாத ஊகம் என்று அறிவித்தது. 1990இல் அலபாமாவிலேயே மருத்துவர் டிஸ்மியூக்ஸ் குழுவினர் இந்த நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு போன்ற தொல்லைகளுக்கு மருந்து உதவியது. அசதி, மனச்சோர்வு போன்ற உடல் முழுதும் பரவிய தொல்லைகளிலோ, வெற்று மாத்திரையைவிட மருந்து குறிப்பிடும்படி எதையும் செய்துவிடவில்லை. குடலில் இருக்கும் கேண்டிடாதான் காரணம் என்றால், அதைக் கொல்லும் மருந்து அந்த அசதியைப் போக்கியிருக்க வேண்டும் அல்லவா?

காலையில் எழுந்ததும் தண்ணீர் டம்ளரில் எச்சில் துப்பி, அது நூல் நூலாக இறங்கினால் கேண்டிடா என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுவோம். எச்சிலில் சளியும் காற்றுக் குமிழ்களும் இருக்கின்றன. மிதப்பதும் நூலாக இறங்குவதும் அதனால்தான். தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டுத் தூங்கிய யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

‘டை-ஆஃப்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவத்தில் யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று ஒன்று உண்டு. ஆஸ்திரியத் தோல் மருத்துவர் அடால்ஃப் யாரிஷ் 1895இலும், ஜெர்மனியின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் 1902இலும் இதைப் பதிவு செய்தார்கள். சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு அன்றைய பாதரச மருந்தைக் கொடுத்ததும் சிலருக்குப் புண்கள் முதலில் அதிகமாகின. பின்னாளில் பென்சிலின் வந்தபோதும் இது தொடர்ந்தது. நம் ஊர்ப் பக்கம் அறிந்த உதாரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வரும் அந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் போட்ட சில மணி நேரத்தில் சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் ஏறி, ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இது முக்கியமாகச் சுருள் வடிவ பாக்டீரியாக்களால் வரும் சில நோய்களில் காணப்படுவது. கேண்டிடா பாக்டீரியாவே அல்ல. இரண்டு, இது முதல் டோஸுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் வந்து போய்விடும். வாரக்கணக்கில் நீடிப்பது இதில் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்து ஃப்ளூகோனசோல் போன்ற வலுவான பூஞ்சை மருந்துகளைச் சாப்பிடும் பெண்கள் நம் ஊரிலேயே ஏராளம். அவர்கள் யாரும் இரண்டு வாரம் படுத்த படுக்கையாகிவிடுவதில்லை. வலுவான மருந்தில் வராத ‘டை-ஆஃப்’ பூண்டிலும் வினிகரிலும் மட்டும் வருகிறது என்றால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அப்படியானால் அந்தத் தொல்லைகள் எதனால்?

தொல்லைகள் பொய்யல்ல. தலை வலிக்கிறது என்பவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைவலியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதற்கு விடை நமக்கே தெரியும். ரமலானின் முதல் இரண்டு மூன்று நாள் பிற்பகலில் வரும் தலைவலியை நினைத்துப் பாருங்கள். தினமும் நான்கு டீ குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும்; ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும்; ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடவே எரிச்சல், சோம்பல், கவனக்குறைவு. கிளென்ஸிலும் பால், சர்க்கரையோடு டீயும் போய்விடுகிறது. நோன்புத் தலைவலியைக் கிருமி சாகும் வலி என்று நம்மில் யாரும் சொல்வதில்லை.

தலைசுற்றல், கால் தளர்வு, தசைப்பிடிப்பு. அரிசியையும் கோதுமையையும் முழுதாக விட்டால், கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து ஓரிரு நாளில் தீர்கிறது. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது வெளியேறும்போது உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவதன் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். எடைக் கருவியைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லுமுன் இதையும் நினைவில் வையுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதும் இதனால்தான். இரத்த அழுத்த மாத்திரை, அதிலும் சிறுநீர் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது இரண்டு மடங்காகும். வெயில் காலத்தில் வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர் இந்த நிலையில் மயங்கி விழ வாய்ப்பு அதிகம்.

வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு. பொடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிலாவாரை, நபிவழி மருத்துவக் கடைகளில் சனா என்று விற்கிறார்களே, அதேதான். மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் பயன்படுத்த நல்ல மூலிகை. வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் நீரும் பொட்டாசியமும் இறங்கும். தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடித்தாலும் பேதியாகும். இதில் செத்த பூஞ்சை எதுவும் வெளியேறுவதில்லை. மலத்தில் வெள்ளை நூல் போல் தெரிவது சளியும் செரிக்காத நாரும்.

நெஞ்செரிச்சல், தொண்டை எரிச்சல் வினிகரின் வேலை. தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலையும் அரிக்கும்.

உடலில் தடிப்பு, அரிப்பு வந்தால், புதிதாகச் சேர்த்த ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அதைத் தொடர்ந்து சாப்பிடுவது ஆபத்து. உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால் அது அவசர நிலை.

காய்ச்சல். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளென்ஸின்போது காய்ச்சல் வந்தால் அதற்குக் காரணம் கிளென்ஸ் அல்ல. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் இவை எல்லாம் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் வருபவை. உண்ணிக் காய்ச்சலில் உடலின் மறைவான இடத்தில் சிகரெட் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். சரியான மாத்திரையை ஆரம்பத்திலேயே கொடுத்தால் விரைவில் இறங்கிவிடும்; தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று பரவும். ‘டை-ஆஃப்’ என்று மூன்று நாள் காத்திருப்பது அந்த மூன்று நாளை இழப்பதாகும்.

கண்ணோ சிறுநீரோ மஞ்சளாவது கல்லீரல் பாதிப்பின் அடையாளம். பூஞ்சைக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய கீட்டோகோனசோல் மாத்திரையாலும் இது வரலாம். கல்லீரலைக் கெடுப்பதால் அந்த மாத்திரைக்கு 2013இலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடும் கட்டுப்பாடு போட்டன. மூலிகை கேப்சூல்களிலும் கல்லீரலைப் பாதிப்பவை உண்டு. டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே இருப்பதும் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் படிக்க வேண்டியது

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். அடிக்கடி பூஞ்சைத் தொற்று வந்து, அதனால் கிளென்ஸைத் தேடிப் போகிறவர்களில் இவர்கள் நிறைய இருப்பார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கேண்டிடாவுக்கு வசதி.

இவர்களுக்கு இரண்டு ஆபத்து.

முதலாவது தாழ்சர்க்கரை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால், மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உடல் வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். சோதித்தால் 70க்குக் கீழே இருக்கும். சோதிக்கக் கருவி இல்லாவிட்டாலும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் ஒரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும். கருஞ்சீரக எண்ணெயும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் தன்மை கொண்டது என்பதால் மாத்திரையோடு சேரும்போது கவனம் தேவை. ஃப்ளூகோனசோல் மாத்திரையோ கிளிமெபிரைடின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கும் அது ஆகாது.

இரண்டாவது ஆபத்து இதைவிட மறைவானது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இப்போது பரவலாகிவிட்டன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்ததும் விலை வெகுவாக இறங்கியது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது இவற்றின் வேலை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் கேண்டிடா வருவது இவற்றின் பரவலான பக்க விளைவு. அதாவது, அரிப்புக்குக் காரணம் ஒரு மாத்திரை. அது தெரியாமல் ஒருவர் கிளென்ஸில் இறங்குகிறார். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துகிறார். இந்த மாத்திரையும் அந்தப் பட்டினியும் சேர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, கடும் சோர்வு, வேகமான ஆழ்ந்த மூச்சு. ‘டை-ஆஃப்’ பட்டியலில் இருப்பதும் ஏறக்குறைய இவையேதான்! குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 200க்குள்கூட இருக்கலாம். அதனால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் சர்க்கரை அளவு எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். நோன்புக்கு முன்பும் இந்த மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், கடும் மாவுச்சத்துக் குறைப்பால் இதே கீட்டோன் நிலை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், முதியவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சிலருக்கு நன்றாக ஆனதே, அது எப்படி?

ஆகியிருக்கும். பேக்கரி பன், கூல்டிரிங்க்ஸ், இரவுப் பரோட்டா, நாளுக்கு ஐந்து இனிப்பு டீ எல்லாவற்றையும் ஒரு மாதம் விட்டவருக்கு எடை குறையும், சர்க்கரை இறங்கும், நெஞ்செரிச்சல் போகும், நல்ல தூக்கம் வரும். சர்க்கரை இறங்கினால் பூஞ்சை அரிப்பும் குறையும். அந்த நன்மை நிஜம். அதற்குக் கேப்சூலும் வேண்டாம், பேதிப் பொடியும் வேண்டாம், பேரீச்சம்பழத்தைப் பகையாகப் பார்க்கவும் வேண்டாம். நலமாக இருப்பவர் இஃப்தாரில் சாப்பிடும் மூன்று பேரீச்சம்பழத்தின் சர்க்கரை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இட்லி மாவு புளித்தது என்பதால் பூஞ்சை வளரும் என்பதும் சரியல்ல. மாவைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவையும் ஆவியில் வெந்துவிடுகின்றன.

நோன்பும் ஒருவகை கிளென்ஸ்தான் என்று சில விற்பனையாளர்கள் நம்மிடம் பேசுவது தனிச் சங்கடம். நோன்பு இபாதத். அதில் ஸஹரும் இஃப்தாரும் இருக்கின்றன, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. உடல் தாங்காதபோதும் நிறுத்தாதே என்று சொல்லும் ஒரு முறைக்கு நோன்பைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. கருஞ்சீரகத்தில் ஷிஃபா உண்டு என்ற நபிமொழியில் நமக்கு ஈமான் உண்டு. அதே நபி (ஸல்) அவர்கள்தான் மருத்துவம் செய்துகொள்ளும்படி கிராமவாசிகளுக்குச் சொன்னதும், மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்று சொன்னதும் அபூதாவூதில் இடம்பெற்றிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆறு வாரத் திட்டம் அனுப்புகிறவர்கள் இரண்டாவது ஹதீஸை நினைவில் வைத்தால் நல்லது.

உண்மையான பூஞ்சைத் தொல்லைக்கு என்ன செய்வது?

சகோதரிகள் பலர் வெள்ளைப்படுதலை மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். கணவர் வெளிநாட்டில், யாரோடு போவது என்ற தயக்கம், ஆண் மருத்துவராக இருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம். கிளென்ஸ் வீடியோ இவர்களை எளிதாகப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். வீட்டை விட்டு வெளியே போகாமல் முடிக்கலாம் என்கிறது. பெண் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்பே கேட்டு வைத்துக்கொண்டு போகலாம். 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணிலும் கேட்கலாம்.

எல்லா வெள்ளைப்படுதலும் கேண்டிடா அல்ல. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் வருவது பாக்டீரியா. பச்சை மஞ்சளாக நுரைத்து வருவது வேறு தொற்று. அதற்குக் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவை. இரத்தம் கலந்து வந்தாலோ, மாதவிலக்கு நின்றபின் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். கேண்டிடா என்று உறுதியானால் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையோ ஒரு டோஸ் ஃப்ளூகோனசோலோ பெரும்பாலும் போதும். கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரை தருவதில்லை. இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீரே போதும். சோப்பு, டெட்டால் கொண்டு உட்புறம் கழுவுவது தொற்றை வரவழைக்கும். சாதாரண வெள்ளைப்படுதல் மாதவிலக்கு ஆகாது என்பதால் தொழுகை விலகுவதில்லை. உளூ பற்றிய சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி சர்க்கரை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்காதது, பல்செட்டை இரவில் கழற்றாதது இவையும் காரணங்கள்.

வட்ட வட்டமாக ஓரம் தடித்து வரும் படர்தாமரை கேண்டிடா அல்ல, வேறு பூஞ்சை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பை நிறுத்திவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையோ நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

குழந்தையின் அக்கரத்துக்கு வெண்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வெண்காரம் குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரவைக்கும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தஹ்னீக்குக்குப் பேரீச்சம்பழச் சாறு இருக்கிறதே. அக்கரத்துக்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தைக் குழந்தையின் வாயிலும், தேவையானால் தாயின் மார்பிலும் தடவினால் ஒரு வாரத்தில் போய்விடும்.

ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களுக்கு

கேப்சூலையும் பேதிப் பொடியையும் இன்றே நிறுத்தலாம். அதனால் எந்தத் தீங்கும் வராது. சோற்றையும் பழத்தையும் சிறிது சிறிதாகத் திரும்பச் சேருங்கள். தண்ணீரும் உப்பிட்ட மோரும் குடியுங்கள், பேதியானால் ஓ.ஆர்.எஸ். கரைசல். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். சாப்பாட்டை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லி, டப்பாவையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைத்தால் அவரால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல், நிற்காத வாந்தி, மலத்தில் இரத்தம், கண் மஞ்சள், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், குழப்பமான பேச்சு, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாதது, முகம் வீங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108.